வருகையின் நோக்கம்

வெளிநாட்டார் அறையெடுத்தால்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
சி படிவம் ஏற்ற வேண்டும்.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்து லாட்ஜில்
எட்டு வருஷ ராத்திரி டியூட்டியில்
நான் அதை ஏற்றியது ஆறு தடவை.
ஐந்து பேர் கிரானைட் வாங்க வந்தவர்கள்.
ஆறாவது, க்வபெனா.

மே மாசக் கடைசி.
மாங்கூழ் ஆலைகளின் புளித்த வாடை
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் நேரம்.
தோளில் ஒரு பை, கழுத்தில் பூட்ஸ்.
மன்னார்க்காட்டில் செவன்ஸ் சீசன் முடிந்து
பஸ் மாறி பஸ் மாறி வந்தானாம்.
பிறந்த ஊர் குமாசி.
பெயருக்கு அர்த்தம் கேட்டேன்.
செவ்வாய்க்கிழமை பிறந்தவன்.
செவ்வாயோ வெறுவாயோ என்று
நாக்குநுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு
பதினாலாம் அறைச் சாவியைக் கொடுத்தேன்.

கட்டம் கட்டமாய்க் கேட்டது திரை.
விசா வகை: சுற்றுலா.
அடுத்து எங்கே போகிறார்?
அவனிடமே கேட்டேன். "ஃபைனல்" என்றான்.
வருகையின் நோக்கம்?
இந்தியாவில் வேலை செய்கிறாரா, ஆம் / இல்லை?

டயர் கடை முனவர் பாய்தான் டீம் செகரட்டரி.
மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:
"பந்து உதைக்கிறது எந்த ஊர்ல வேலை?
இல்லைன்னு போடுப்பா."
ஆட்டத்துக்கு மூவாயிரம், சாப்பாடு,
கோலுக்கு ஐந்நூறு தனி.

என் மச்சான் தோஹாவில் லாரி ஓட்டுகிறான்.
விசாவில் அவன் சமையல்காரன்,
வெந்நீர் வைக்கத் தெரியாத சமையல்காரன்.

இல்லை என்று போட்டேன்.

அரையிறுதி இரவு
சவுக்குக் கம்பு கேலரியில் நானும் இருந்தேன்.
இடப்பக்கமிருந்து திம்மராயன் தூக்கிக் கொடுத்ததை
க்வபெனா நெஞ்சில் வாங்கினான்.
வாங்கி, ஒரு கணம் சும்மா நின்றான்.
எங்கள் ஊரில் யாரிடமும் இல்லாத கணம் அது.
பந்தைக் கண்டாலே பதறுகிறவர்கள் நாங்கள்.
அவன் நின்றான்,
இரண்டு பேர் வழுக்கித் தாண்டிப் போனார்கள்,
வலை புடைத்தது.
மறுநாள் வந்த விருந்தாளிகளுக்கெல்லாம்
சைகையில்தான் வாடகை சொன்னேன்.

தோற்ற டீம்
பந்தால் முடியாததைப் பேப்பரால் முடித்தது.
எஸ்.பி. ஆபீசில் மனு:
சுற்றுலா விசாவில் வந்து கூலிக்கு ஆடுகிறான்.

தங்குமிடம் தேடி யாரும் அலையவில்லை.
நான் ஏற்றி வைத்திருந்தேனே,
நேரத்தோடு, எழுத்துப் பிழையில்லாமல்,
மூலையில் அவன் படத்தோடு.

மஃப்டியில் இரண்டு பேர் வந்தபோது
வாளியில் ஜெர்சி அலசிக்கொண்டிருந்தான்.
செம்மண் கரைந்து தண்ணீர் டீ நிறம்.
மிரட்டவெல்லாம் இல்லை.
ஒருவர் அந்த கோலை நேரில் பார்த்தவர்;
"சூப்பரா ஆடுறே" என்று சொல்லிவிட்டுத்தான்
ஏழு நாளில் நாட்டை விட்டுப் போகச் சொல்லும் தாளில்
கையெழுத்து வாங்கினார்.
ஈரக்கை. மை கொஞ்சம் பரவியது.

ஆடிச் சம்பாதிக்கிறவர்களுக்கென்று
வேறு விசா உண்டாம்.
வருஷச் சம்பளம் லட்சக்கணக்கில் காட்டணுமாம்.
"மொத்த டீமையும் டயர் கடையோட வித்தாலும்..."
முனவர் பாய் முடிக்கவில்லை.

ஃபைனலில் மாதப்பன் நாலு கோல் வாங்கினான்.
பதறிப் பதறியே தோற்றோம்.

அடுத்த வருஷம்
மனு போட்ட டீமே இரண்டு பேரை இறக்கியது,
ஐவரி கோஸ்ட்.
அதே லாட்ஜ். அதே படிவம்.
ஆம் / இல்லை.

அன்று ராத்திரி பத்து மணிக்கு
முனவர் பாய் கவுண்டருக்கு வந்து
ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.
கொடுத்தேன்.
பேனாவும்.